பட்டாளத்துக் குரல்கள் – 9: வெண்ணெய் தின்ற மனிதன்

சென்ற இதழில் பூலோன் நகரத்துத் தணிக்கை அலுவலகத்தில் நின்றோம். முதல் உலகப்போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் கிடந்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை அங்கே பிரித்துப் படித்தார்கள், மொழிபெயர்த்தார்கள், பொறுக்கியெடுத்த பகுதிகளை அறிக்கையில் ஏற்றினார்கள். கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று மளிகைக் கணக்குப்போல எழுதி, இந்தியச் சிப்பாய்கள் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள், இனி வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிய தந்திரம் அந்த அறிக்கைகள் வழியாகத்தான் நமக்குத் தெரிய வந்தது. ஆனால் அந்தக் கடிதங்களில் பலவற்றை எழுதிய கை சிப்பாயுடையது அல்ல. எழுத்துத் தெரிந்த தோழன் எழுதினான். ஊரில் எழுத்துத் தெரிந்த இன்னொருவர் படித்துச் சொன்னார். நடுவில் ஓர் அதிகாரி படித்தார். இத்தனை காதுகள் இருக்கும் இடத்தில் ஒருவன் பெண்டாட்டிக்கு என்ன சொல்லிவிட முடியும்?

இந்த இதழில் கடிதத்தை வைத்துவிட்டுக் குரலுக்கு வருவோம்.

1916 டிசம்பர் 11. பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, வுன்ஸ்டார்ஃப் என்ற ஊரை ஒட்டிய போர்க்கைதி முகாம். மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயை ஒரு பெரிய புனலின் முன்னால் நிறுத்துகிறார்கள். புனலின் குறுகிய முனையில் ஊசி. ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. அந்தக் காலத்துப் பதிவில் மைக்ரோஃபோன் கிடையாது. குரலின் அதிர்வுதான் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். அதனால் முகத்தைப் புனலின் வாயருகே கொண்டுபோய், நகராமல், ஒரே சீரான குரலில் பேச வேண்டும். மால் சிங் பேசுகிறார். ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

அவர் 'நான்' என்று தொடங்கவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று கதைபோலத் தொடங்குகிறார். அந்த மனிதன் இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றான், பால் குடித்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குப் போக விரும்புகிறான். போனால் அதே சாப்பாடு கிடைக்கும். மூன்று வருடம் ஆகிவிட்டது, சமாதானம் எப்போது என்று சேதியே இல்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கே இருந்தால் அந்த மனிதன் செத்துப்போவான். கடவுள் மனம் வைத்து இவர்கள் சமாதானம் செய்துகொண்டால் நாங்கள் போய்விடுவோம். அவர் சொன்னது இவ்வளவுதான். முடிவில் வந்து 'அந்த மனிதன்' போய் 'நாங்கள்' வந்துவிடுகிறது.

இந்தப் பதிவைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு வெண்ணெய்தான் மனதில் நின்றது. பீரங்கி, விஷவாயு, பனி என்று எதையும் அவர் சொல்லவில்லை. சாப்பாட்டைச் சொன்னார். உடம்பு எதை இழந்ததோ அதை வாய் சொன்னது.

இனி அந்த முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறை முகாம் என்று பெயர். பிரிட்டனும் பிரான்சும் தங்கள் காலனிகளிலிருந்து கொண்டுவந்த முஸ்லிம் வீரர்களைத் தனியே வைத்து, மனம் மாற்றி, ஜெர்மனியின் பக்கம் திருப்பிவிடலாம் என்பது பெர்லினின் கணக்கு. அதற்காக 1915இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசலே கட்டிக்கொடுத்தார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்று எழுந்த முதல் பள்ளிவாசல் அது. முகாமின் இந்தியப் பகுதியில் சீக்கியரும் இந்துக்களும் கூர்க்காக்களும் இருந்தார்கள். அவர்களிடம் பேசுவதற்குப் பெர்லினில் இயங்கிய இந்திய விடுதலைக் குழு ஆட்களை அனுப்பியது. நம் செண்பகராமன் பிள்ளை உறுப்பினராக இருந்த குழுதான் அது. கைதிகளுக்கென்று இந்தியிலும் உருதுவிலும் பத்திரிகை அச்சாயிற்று. ஆக, மால் சிங்கின் காதில் ஓதுவதற்கு ஆட்கள் நிறையவே இருந்தார்கள்.

அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்க வந்தவர்கள் வேறு ஆட்கள். பிரஷ்ய அரசு 1915 அக்டோபரில் ஓர் ஒலிப்பதிவு ஆணையத்தை அமைத்தது. இசையையும் மனத்தையும் ஆராய்ந்த கார்ல் ஸ்டும்ஃப் தலைவர். வில்ஹெல்ம் டோகன் என்ற ஆங்கில ஆசிரியர் கிராமஃபோன் வேலையைப் பார்த்துக்கொண்டார். சுமார் 30 அறிஞர்கள் முகாம் முகாமாகப் போனார்கள். உலகத்து மொழிகள் அத்தனையும் கம்பிவேலிக்குள் வந்து நிற்கின்றன, கப்பல் ஏறாமலே பதிவு செய்துவிடலாம் என்பது அவர்களுடைய உற்சாகம். 1918 முடிவதற்குள் சுமார் 250 மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் 1,650 கிராமஃபோன் தட்டுகள், அவற்றோடு ஆயிரத்துக்குமேல் மெழுகு உருளைகள் சேர்ந்தன. இந்திய மொழிகளைச் சமஸ்கிருத அறிஞர் ஹைன்ரிச் லூடர்ஸ் கவனித்தார்.

ஒவ்வொரு கைதிக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். பெயர், பிறந்த ஊர், வளர்ந்த இடம், மதம், தொழில், படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடுவாரா, வாத்தியம் வாசிப்பாரா. குரல் எப்படி, உச்சரிப்பு எப்படி என்று அறிஞர் தம் மதிப்பீட்டையும் எழுதினார். சொல்லப்போகும் வாசகத்தை முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து, பிறகுதான் புனலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பேசி முடித்ததும் தட்டின் கடைசியில் ஒரு சுருதியை ஒலிக்கவிட்டுப் பதிந்தார்கள். பின்னால் கேட்பவர்கள் அந்தச் சுருதிக்கு ஏற்பத் தட்டைச் சுழற்றினால் குரல் ஏறாது, இறங்காது. எவ்வளவு பொறுப்பான வேலை!

ஆனால் எந்தச் சண்டையில் பிடிபட்டீர்கள், அன்று கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பஞ்சாபி மொழி. மொழியைச் சுமந்து வந்த ஆள் தற்செயல். பிரிட்டிஷ் கைதிகளை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவு. அவர்களில் பலரிடம் பைபிளின் ஊதாரி மைந்தன் கதையைக் கொடுத்து, அவரவர் ஊர் வழக்கில் வாசிக்கச் சொன்னார்கள். இந்தியாவில் கிரியர்சன் நடத்திய மொழிக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான் மாதிரிப் பாடம். ஒரே கதையைப் பல வழக்குகளில் சொல்லவைத்தால் ஒப்பிடுவது எளிது. வீட்டைவிட்டுத் தொலைதூரம் போன மகன் பசியால் வாடித் திரும்பி வருகிற கதை அது. திரும்பிப் போக முடியாதவர்கள் வரிசையில் நின்று அதை வாசித்தார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று வாசித்தவரைக் கேட்பது ஆணையத்தின் வேலையில் சேரவில்லை.

மால் சிங் ஏன் 'ஒரு மனிதன்' என்று பேசினார்? 'ஏதாவது கதை சொல்' என்று கேட்டிருக்கலாம், அவர் தம் கதையையே கதையாக்கியிருக்கலாம். காவலர்களுக்கு நடுவே 'நான் சாகப்போகிறேன்' என்று சொல்லக் கூச்சமாகவோ பயமாகவோ இருந்திருக்கலாம். நம் ஊரிலும் சொந்தத் துயரத்தை 'ஊருல ஒருத்தன் இருந்தானாம்' என்று சொல்லிப் பார்க்கிறவர்கள் உண்டு. 'அந்த மனிதன் யார், மால் சிங்?' என்று எதிரே இருந்த ஒருவர் அன்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அதனால் குரல் கையில் இருக்கிறது, ஆள் நழுவிவிட்டார்.

முகாமுக்கு அருகே ஸேரென்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் 206 இந்தியர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தட்டுகள் பெர்லினில் அலமாரியில் உறங்கின. இன்று ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணக் காப்பகம் அவற்றை வைத்திருக்கிறது. பிலிப் ஷெஃப்னர் என்ற ஜெர்மன் இயக்குநர் மால் சிங்கின் குரலைத் தேடிப் புறப்பட்டு 2007இல் ஓர் ஆவணப்படம் எடுத்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. பிரிட்டிஷ் நூலகமும் 2008இல் பிரிட்டிஷ், காலனிக் கைதிகளின் 821 பதிவுகளுக்குப் படி வாங்கிக்கொண்டது.

சிப்பாயிடம் அவன் பட்டதைப் பற்றியே கேட்கும் வழக்கம் ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்தது. அதற்கு இன்னொரு உலகப்போர் வேண்டியிருந்தது.

1944 ஜூன், நார்மண்டிக் கடற்கரை. கரையிறங்கி அடிபட்ட அமெரிக்க வீரர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கப்பலில் ஃபாரஸ்ட் போக் என்ற சார்ஜெண்ட் இருந்தார். வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். கட்டாயச் சேர்ப்பில் சிப்பாயாகி, ராணுவ வரலாற்றுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர்களின் அருகே உட்கார்ந்து, எந்த இடத்தில் இறங்கினீர்கள், எவ்வளவு ஆழம், யார் முன்னால் போனார்கள், எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மணல் இன்னும் சட்டையில் ஒட்டியிருந்த மனிதர்கள் அவர்கள். தளபதிகளின் அறிக்கையில் அம்புக்குறியாக இருந்த தாக்குதல், போக்கின் குறிப்புகளில் இடுப்பளவு தண்ணீரும் நனைந்துபோன துப்பாக்கியுமாக மாறியது. பிற்காலத்தில் அவர் ஐரோப்பியப் போரின் தலைமைச் செயலகத்தைப் பற்றி 1954இல் அதிகாரபூர்வ வரலாறு எழுதினார். ஜெனரல் ஜார்ஜ் மார்ஷலை ஒலிநாடாவில் நெடுநேரம் பேசவைத்து நான்கு தொகுதிகளில் வாழ்க்கை வரலாறும் எழுதினார். ஆனாலும் அவரை நான் நினைக்கும்போதெல்லாம் அந்தக் கப்பல்தான் முன்னால் வருகிறது.

அதே காலத்தில் இன்னொருவர். எஸ்.எல்.ஏ. மார்ஷல், பத்திரிகையாளராக இருந்து ராணுவ அதிகாரியானவர். 1943 நவம்பரில் பசிபிக் கடலின் மேக்கின் தீவில் சண்டை முடிந்த கையோடு, பிழைத்தவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். அந்த வட்டத்தில் பதவி கணக்கில்லை. அதிகாரி சொன்னதைச் சிப்பாய் மறுக்கலாம். நீ அங்கே இல்லையே, நான்தானே இருந்தேன் என்று ஒருவரை ஒருவர் திருத்தலாம். கூட்டாக உட்கார்ந்து ஓர் இரவை மீட்டெடுக்கும் அருமையான வழி. ஆனால் இந்த அனுபவத்தை வைத்து 1947இல் அவர் எழுதிய நூலில், சண்டையில் 100 பேரில் 15 முதல் 25 பேர்தான் துப்பாக்கியைச் சுட்டார்கள் என்று ஒரு கணக்கைச் சொன்னார். ராணுவப் பயிற்சி முறையே அதனால் மாறியது. 1988இல் ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாசிரியர் குறிப்புகளைத் தேடிப் பார்த்தபோது, யார் சுட்டார்கள், யார் சுடவில்லை என்று மார்ஷல் வீரர்களைக் கேட்டதற்கே சரியான தடயம் கிடைக்கவில்லை. வட்டமாக உட்கார்ந்து பேசியவர்களின் குரல் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. சரிபார்க்க நமக்கு என்ன வழி?

பிறை முகாமில் பதிவு இருந்தது, கேள்வி இல்லை. மேக்கின் தீவில் கேள்வி இருந்தது, பதிவு இல்லை. இரண்டும் சேர்ந்து வர வேண்டுமானால், தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒலிநாடாக் கருவி பரவலாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1917இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தொடங்கப்பட்டது. துப்பாக்கியும் சீருடையும் ஓவியமும் சேர்த்த அந்த நிறுவனம் 1972இல்தான் ஒலிக்கென்று தனிக் காப்பகம் அமைத்தது. முதல் உலகப்போர் வீரர்களில் அப்போது உயிரோடிருந்தவர்களுக்கு 75, 80 வயது. காலம் கையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே உருவான முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. நேர்காணல் போரில் தொடங்காது. அப்பா என்ன வேலை பார்த்தார், வீட்டில் எத்தனை அறை, பள்ளியை எந்த வகுப்பில் விட்டீர்கள் என்று தொடங்கும். பிறகு சேர்ந்த நாள், பயிற்சி, பூட்ஸ் கடித்த புண், முதல் இரவு. அரைமணி நேர நாடாச் சுருள் ஒவ்வொன்றாக ஓடும். சிலருக்கு இரண்டு, சிலருக்கு இருபதுக்கு மேல். கடைசியில் ஒவ்வொரு சுருளிலும் என்ன பேச்சு வருகிறது என்று அட்டவணை போடுவார்கள். பேச்சை வெட்டாமல், ஒட்டாமல், இருமலும் தயக்கமும் உட்பட அப்படியே வைப்பார்கள்.

பேட்டி எடுப்பவருக்குப் பெரிய திறமை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். ஒரு முதியவர் பேச்சின் நடுவே நின்றுவிட்டால் நமக்குப் பொறுக்காது. 'கஷ்டமா இருந்திருக்கும் இல்லையா?' என்று நாமே எடுத்துக்கொடுத்துவிடுவோம். அவரும் பாவம், 'ஆமா, கஷ்டம்தான்' என்று சொல்லிவிடுவார். அவர் சொல்ல வந்தது கஷ்டமாக இல்லாமலும் இருந்திருக்கலாம். வெட்கமாக இருந்திருக்கலாம், சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம். எடுத்துக்கொடுத்த சொல் உள்ளே போன பிறகு அவருடைய சொல் வெளியே வராது.

ஹாரி பாட்ச் என்ற ஆங்கிலேயரின் கதை இங்கே சொல்லப்பட வேண்டியது. குழாய் வேலை செய்து பிழைத்தவர். 1917இல் பாஷன்டேல் போரில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். செப்டம்பர் 22 இரவு ஒரு குண்டு வெடித்து அவர் குழுவில் மூன்று பேர் இறந்தார்கள், அவருக்கும் காயம். அதன்பின் 80 வருடம் அந்தப் போரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணி வைக்கும் அலமாரி அறை. இரவில் பணியாளர் அங்கே விளக்கைப் போடும்போது, கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக ஒளி பளீரென்று வரும். பாதித் தூக்கத்தில் அது அவருக்கு வெடிகுண்டாகத் தெரியும். 1998இல், 100 வயதில், முதன்முறையாகப் பேசினார். பிறகு 11 வருடம் பேசினார். 2009 ஜூலையில் 111ஆம் வயதில் காலமானார். உலகம் நவம்பர் 11இல் மலர்வளையம் வைத்தாலும் அவருக்கு நினைவுநாள் செப்டம்பர் 22தான். அரசுக் காலண்டரில் இல்லாத இந்தத் தேதியை அவர் வாய்மொழியைத் தவிர வேறு எந்த ஆவணம் சொல்லும்?

80 வருடம் கழித்துச் சொல்வது எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தேதி மாறும், ஊர் மாறும், பார்த்த சினிமாவின் காட்சி தன் அனுபவத்தோடு கலந்துவிடும். இத்தாலியில் டெர்னி என்ற தொழில் நகரத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் தொழிலாளர்களைப் பேசவைத்தார். அங்கே ஒரு தொழிலாளி 1949இல், நேட்டோ ராணுவ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில், போலீசாரால் கொல்லப்பட்டார். ஆனால் ஊரில் பலர், அவர் 1953இல் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாகவே சொன்னார்கள். போர்டெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. ஒரு சிறிய ஊர்வலத்தில் ஒருவன் அநியாயமாகச் செத்தான் என்பதை ஊர் மனம் ஏற்கவில்லை; அவன் சாவுக்கு ஈடான ஒரு பெரிய போராட்டத்தில் அவனைக் கொண்டுபோய் வைத்தது. தேதியை அரசு ஆவணத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த மனத்தை அரசு ஆவணத்தில் பார்க்க முடியாது. நான் பெருமளவு போர்டெல்லி கட்சி. ஆனால் ஒன்று: குரலையும் கோப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கிற உழைப்பை விட்டுவிட்டு, வாய்மொழி என்பதாலேயே எல்லாம் உண்மை என்று சொல்லிவிடக்கூடாது. மார்ஷலின் கணக்கு நமக்குப் பாடம்.

இந்தியாவுக்கு வருவோம். முதல் உலகப்போரில் கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களிடம் கேட்டவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டிவிட் எலின்வுட் 1970களில் முன்னின்று, முதியவர்களாக மிஞ்சியிருந்த சிப்பாய்களின் நினைவுகளைச் சேகரிக்கச் செய்தார். அந்த எழுத்துப்படிகளும் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, போரின் நூற்றாண்டு நினைவுக் காலத்தில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டன. தில்லியில் நேரு நினைவு அருங்காட்சியக நூலகம் 1960களிலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கிப் பெரிய வேலை செய்தது. ஆனால் அதன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தலைவர்கள், தியாகிகள், நிர்வாகிகள். லான்ஸ் நாயக்குகள் அல்ல.

நமக்கு நெருக்கமான ராணுவம் ஒன்று உண்டு. இந்திய தேசிய ராணுவம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, அதில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் சீருடை போட்டார்கள். இவர்களில் யாருடைய குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது?

பீட்டர் வார்டு ஃபே என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960களில் கான்பூர் ஐஐடியில் பாடம் நடத்த வந்தார். அதே ஊரில், அந்த ராணுவத்தில் இருந்த பிரேம் சேகலும் கேப்டன் லட்சுமியும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பழக்கம் நட்பாயிற்று, நட்பு நீண்ட உரையாடலாயிற்று. 1993இல் வெளிவந்த அவருடைய நூலின் முதுகெலும்பு அந்த இருவரின் பேச்சுதான். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூருக்குப் போன லட்சுமி, படைக்கு ஆள் சேர்த்த நாட்களைச் சொல்லிக் கேட்பது நமக்குப் பெரிய கொடை. ஆனால் இருவருமே அதிகாரிகள், ஆங்கிலம் படித்தவர்கள். ஜானகி தேவர், ராசம்மா போன்ற ஜான்சி ராணிப் படையினரும் பிற்காலத்தில் மலேசியப் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்கள். ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தார்கள். லயத்து வீட்டிலிருந்து கிளம்பிப் பர்மாவுக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் உளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போன பெண்ணைத் தேடிப்போனவர்கள் குறைவு. அவள் ஆங்கிலத்தில் பேசமாட்டாள். அவள் வீட்டு முகவரி எந்த நூலின் நன்றியுரையிலும் இருக்காது.

சிங்கப்பூர் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1979இல் அங்கே தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிச் சாதாரண மக்களை அவரவர் மொழியிலேயே பேசவைத்தது. சீன வழக்குகள், மலாய், தமிழ். ஒருவர் தம் தாய்மொழியில் பேசும்போதுதான் 'கஞ்சி' கஞ்சியாகவே இருக்கும், 'கங்காணி' கங்காணியாகவே இருப்பான். ஆங்கிலத்துக்குப் போனதும் கங்காணி வெறும் மேற்பார்வையாளன் ஆகிவிடுவான். அவன் கையிலிருந்த பிரம்பும் சாதியும் கடனும் காணாமல் போய்விடும்.

அமெரிக்காவில் இந்த வேலையை வீடுகளுக்கே கொடுத்துவிட்டார்கள். விஸ்கான்சினைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரான் கைண்ட், தம் அப்பாவும் சித்தப்பாவும் பழைய போர் நாட்களைப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, ஓடிப்போய் வீடியோ கேமராவை எடுத்துவந்தார். அதிலிருந்து பிறந்த யோசனை 2000 அக்டோபரில் சட்டமாயிற்று. வீரரின் மகனோ பேத்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ 30 நிமிடத்துக்குக் குறையாமல் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்பினால், தேசிய நூலகமான காங்கிரஸ் நூலகம் அதைக் காப்பாற்றி வைக்கும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நினைவுகள் இன்று அங்கே இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர்கள் எடுத்த பதிவுகளில் குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் பேத்தி கேட்டால் வரும் பதில், பேராசிரியர் கேட்டால் வராது.

எங்கள் அம்மா ஊர் வேலூர்ப் பக்கம். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை அளவுக்குப் பெயர் இல்லாவிட்டாலும், எங்கள் தெருவிலும் நாலு பட்டாளத்து வீடு. அம்மாவின் சித்தப்பா 1971இல் கிழக்குப் பக்கம் போரிட்டவர். எங்களுக்கு அவர் மிலிட்டரித் தாத்தா. லீவுக்குப் போனால் அவரிடம் கேன்டீன் பிஸ்கட் கேட்போம், பித்தளைப் பட்டனைக் கேட்போம். ஒருமுறை பெரியவனான பிறகு, 'போர்ல என்ன நடந்துச்சு தாத்தா?' என்று கேட்டேன். 'போனோம், ஜெயிச்சோம், வந்தோம். அத விடு கண்ணு' என்றார். தவறு அவரிடம் இல்லை. அவ்வளவு பெரிய கேள்விக்கு அதுதான் பதில்.

இந்தத் தொடருக்காகப் படிக்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் போனேன். மின்விசிறியை நிறுத்தினேன், அதன் கிரீச்சுதான் பதிவில் முதலில் விழும். கைபேசியில் அழைப்பு வராதபடி செய்து, அவருக்கும் எனக்கும் நடுவில் துண்டை மடித்து அதன்மேல் வைத்தேன். பதிவு செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எந்த இடத்தில் சொன்னாலும் நிறுத்திவிடுவதாகச் சொன்னேன். அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஏரி வற்றிய வருடத்தைப் பற்றிச் சொன்னார். ஆள் எடுக்க வந்த அன்று நெஞ்சு அளந்ததைச் சொன்னார். வெலிங்டனில் குளிரைச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து, எல்லையைத் தாண்டிய ராத்திரியில் பைக்குள்ளே சாப்பிட என்ன இருந்தது என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் பதிவில் கேட்கிறது.

'சக்கர்பாரா கேள்விப்பட்டிருக்கியா கண்ணு? மாவுல சர்க்கரை போட்டுப் பெசஞ்சு, துண்டு துண்டா வெட்டிப் பொரிக்கிறது. பூரியும் அதுவுந்தான். கெட்டுப்போவாது. எம் பங்கை நான் தின்னுட்டேன். அவன் பங்கு பைக்குள்ளயே இருந்துச்சு.'

'யார் பங்கு தாத்தா?'

செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அந்தப் பதிவு 1 மணி 40 நிமிடம் ஓடியது. எதை அச்சில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று உட்கார்ந்து கேட்டு அவரே பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவர் அனுமதித்த பகுதி அடுத்த இதழில்.

(தொடரும்)